706.125 என்று வந்த ரகசியம்

மூன்று ராத்திரி வீணாய்ப் போயிற்று. ரகசிய எண்ணைப் பல பங்காகப் பிரித்துப் பூட்டும் கணக்கு. பூட்டி வைத்த எண் 1957. திறந்தால் 706.125 வருகிறது! நாலு இலக்க எண்ணுக்குள் புள்ளி எப்படி முளைக்கும்?

குறியாக்கவியல் அறிஞர் அடி ஷமிரின் 1979ஆம் ஆண்டு முறைதான். ஐந்து பங்கு, எந்த மூன்று சேர்ந்தாலும் திறக்கும், இரண்டை வைத்துக்கொண்டு ஒன்றும் தெரியாது. எங்கள் தோட்டத்துக் கோயில் உண்டியலுக்கு மூன்று பூட்டு, ஆளுக்கொரு சாவி. ஒரு சாவி தொலைந்தால் சுத்தியல்தான். இதில் அந்தத் தலைவலி இல்லை.

மென்பொருள் வேண்டாம், கையாலேயே போட்டுப் பார்க்கலாம் என்று மகனின் கணக்கு நோட்டை எடுத்தேன். பகா எண் 10007, கெழுக்கள் 4321, 8088. அதாவது 1957 + 4321x + 8088x² என்பதில் xக்கு 1 முதல் 5 வரை போட்டு, 10007ஆல் வகுத்த மீதிதான் பங்கு. வந்த பங்குகள் 4359, 2923, 7656, 8551, 5608. முதல் மூன்றைச் சேர்த்தேன்: 3 × 4359 − 3 × 2923 + 7656 = 11964. அதில் 10007 போக 1957. வீட்டில் எல்லாருக்கும் ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்தேன்.

அங்கேதான் ஏமாந்தேன். 1, 2, 3ஆம் பங்குகளை எடுத்தால் பின்னமே வராது, அதனால் தப்பு வெளியே தெரியாது. 1, 3, 5 எடுத்துப் பாருங்கள்: பங்குகளைப் பெருக்க வேண்டியவை 15/8, −5/4, 3/8. நான் பாட்டுக்குக் கால்குலேட்டரில் வகுத்துத் தள்ளினேன், 706.125 வந்தது. இங்கே வகுத்தல் அப்படி இல்லை. 8ஐ எதால் பெருக்கி 10007ஆல் வகுத்தால் மீதி 1 வருமோ, அதால் பெருக்க வேண்டும். 8 × 1251 = 10008. ஆக 1251. எல்லாவற்றையும் எட்டின் கீழ் கொண்டுவந்தால் மேலே 5649. அதை 1251ஆல் பெருக்க 7066899. மீதி? 1957! இரவு ஒன்றரை மணி. கத்தியதில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

நிஜக் கடவுச்சொல்லுக்கு இந்தச் சின்ன பகா எண் போதாது, பத்தாயிரம் தடவை முயன்றால் யாரும் திறந்துவிடலாம். பெரிதாகப் போட வேண்டும். அதற்குள் பங்குகளை உலோகத் தகட்டில் அடித்து வைக்கும் ஆசை வந்துவிட்டது. சுங்கை சிப்புட்டில் தவுக்கே (முதலாளி) கடையில் எண் அடிக்கும் முளை ஒரு பெட்டி வாங்கினேன். எண்ணினால் ஒன்பதுதான் இருக்கிறது. "ஆறைத் திருப்பிப் பிடி, ஒன்பது" என்கிறார் தவுக்கே. 7656 அடித்த தகட்டைத் தலைகீழாகப் பிடித்தால் என் அக்கா என்ன படிப்பார்? இனி ஒவ்வொரு 6க்கும் கீழே ஒரு கோடு.

நேற்று முதல் தகடு அடித்தேன். 8551 அழகாக விழுந்தது. அது நாலாவது பங்கு என்று பக்கத்தில் 4 போட மறந்துவிட்டேன்.