இயோசினோஃபில் கூடியிருக்கா? ஸ்டீராய்டுக்கு முன் ஒரு நிமிடம்

ரத்த ரிப்போர்ட்டில் இயோசினோஃபில் என்ற வெள்ளை அணு 0.5-ஐ (மைக்ரோலிட்டருக்கு 500) தாண்டினால் அலர்ஜிதான் என்று விட்டுவிடாதீர்கள். ஊரில் வெறுங்காலோடு வயலில் நடந்தபோது ஏறிய ஸ்ட்ராங்கிலாய்டிஸ் புழு, சிங்கப்பூர் தேக்காவில் பல வருடம் குடியிருந்தாலும் உள்ளேயே பெருகும். 1942-இல் சிங்கப்பூரில் பிடிபட்டு சயாம் ரயில் பாதைக்குப் போன போர்க்கைதிகள் சிலரிடம் 30 வருடம் கழித்தும் இருந்தது!

குடல் சுவரில் உள்ள டஃப்ட் செல் புழுவை மோப்பம் பிடித்து ஐஎல்-25 என்ற சமிக்ஞைப் புரதத்தை விடும். ஐஎல்சி2 என்ற நோய் எதிர்ப்பு செல்கள் விழித்து ஐஎல்-13 என்ற இன்னொரு சமிக்ஞையைச் சுரக்கும். சளி பெருகி, புழு பிடிமானம் இழக்கும். டிஎச்2 என்ற வேறு நோய் எதிர்ப்பு செல்கள் விடும் ஐஎல்-5 சமிக்ஞை எலும்பு மஜ்ஜையிலிருந்து இயோசினோஃபில்களை வரவழைக்கும். நோய் எதிர்ப்பை அடக்கும் ஸ்டீராய்டு மருந்து இந்தச் சங்கிலியையே அறுத்துவிடும். அப்போது இயோசினோஃபில் இறங்குவதைப் பார்த்து 'குணமாகிவிட்டது' என்று நினைப்பதுதான் பொறி: புழு குடல் பாக்டீரியாவையும் சுமந்துகொண்டு ரத்தத்தில் இறங்கலாம்.

ஒரே ஒரு மலப் பரிசோதனை பெரும்பாலும் கோட்டைவிடும். ஆன்டிபாடி ரத்தப் பரிசோதனையும் கேளுங்கள்.