இரண்டு கம்பிகளும் ஏழு மாதங்களும்

போன வாரம் அம்மாவின் குளியலறையில் கைப்பிடிக் கம்பி பொருத்தியாயிற்று. அந்த வேலைக்கு ஒரு பகல் போதுமாயிருந்தது. அதற்கு முந்தைய ஏழு மாதமும் காகிதத்தில் போனது.

அம்மாவுக்கு 81 வயது. இடுப்பெலும்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு வாக்கர் பிடித்துத்தான் நடக்கிறார். வீட்டைவிட்டு வரமாட்டேன் என்பதில் மட்டும் பிடிவாதம். முழுச் சீரமைப்பு என் வருமானத்துக்கு மீறியது என்பதால், முதியோர் தங்கள் வீட்டிலேயே வாழ்வதற்கு உதவும் அறக்கட்டளை ஒன்றுக்கு விண்ணப்பித்தேன்.

முதல் தவறு என்னுடையது. விண்ணப்பித்த மறுவாரமே அம்மா குளியலறையில் வழுக்கினார். அடிபடவில்லை, ஆனாலும் நான் பயந்துபோய்க் கொத்தனாரை வரவழைத்து, வழுக்காத டைல்ஸ் போட்டுவிட்டேன். ரசீதோடு போனால், "ஒப்புதலுக்கு முன் செய்த வேலைக்குப் பணம் தருவதில்லை" என்றார்கள். விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் அப்படித்தான் இருந்தது. உங்களுக்கும் அவசரம் என்றால் முதலில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள், பிறகு ஆளைக் கூப்பிடுங்கள்.

அடுத்து, வீடு இன்னும் இறந்துபோன அப்பாவின் பெயரில் இருந்த விவகாரம். இதற்கு மட்டும் அறக்கட்டளைக்கு நான்கு நடை. முதல் தடவை இறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். இரண்டாவது தடவை அண்ணனும் அக்காவும் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம். மூன்றாவது தடவை, அக்காவின் கையெழுத்து அடையாள அட்டையில் உள்ளது போல இல்லையாம். "எல்லாவற்றையும் முதல் நாளே சொல்லியிருக்கலாமே?" என்றேன். "நீங்கள் கேட்கவில்லையே" என்றார் அங்கிருந்த எழுத்தர், தலையை நிமிர்த்தாமல். அன்றே வெள்ளைத்தாள் ஒன்றை நீட்டி, தேவையான ஆவணங்களை அவர் கையாலேயே எழுதி வாங்கினேன். அதன்பின் புதிதாக ஒரு காகிதமும் முளைக்கவில்லை. வாடகை வீடு என்றால் சுவரில் துளையிட உரிமையாளரின் எழுத்துபூர்வச் சம்மதமும் வேண்டும். அதை இப்போதே வாங்கி வையுங்கள்.

உண்மையில் கொதித்தது அதற்குப் பிறகுதான். "சக்கர நாற்காலி உடனே தருகிறோம், கம்பிக்கு நிதியில்லை" என்றார்கள். எங்கள் குளியலறைக் கதவின் அகலம் 68 சென்டிமீட்டர். சக்கர நாற்காலி தாராளமாக நுழைய ஏறக்குறைய 80 வேண்டும். அதை வாங்கி வாசலில் அலங்காரத்துக்கா வைப்பது? சத்தம் போட்டேன், ஒப்புக்கொள்கிறேன். மேலாளர் பொறுமையாக விளக்கினார்: நன்கொடையாளர் சக்கர நாற்காலிக்கென்றே எழுதிக் கொடுத்த பணம், வேறெதற்கும் தொடக்கூடாது. அது நியாயம்தான். ஆனால் கொடுப்பவர்களுக்கு நாற்காலி கண்ணில் படுகிறது. சுவருக்குள் போகும் திருகாணிக்கு யார் கொடுக்கிறார்கள்? எதற்கென்று குறிப்பிடாத பொதுநிதி இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. கேட்கும்வரை ஒருவரும் வாய் திறக்கவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடும் குழுதான் அதற்கு ஒப்புதல் தரும். அந்தக் கூட்டம் முடிந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது.

காத்திருந்த நாளில் ஒரு கடிதம் எழுதினேன். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, எதிர்பாராத காயங்களால் நேரும் மரணங்களில் கீழே விழுவதற்கு இரண்டாவது இடம் என்பதையும், அம்மா ஏற்கெனவே வழுக்கியதையும், கதவின் அளவையும் எழுதி இணைத்தேன். குழு ஒப்புக்கொண்டது.

அவர்கள் அனுப்பிய ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டைப் பற்றி, அதாவது அன்றாட வேலைகளைத் தாமே செய்துகொள்ள வழிகாட்டும் நிபுணரைப் பற்றி, குறை சொல்ல ஒன்றுமில்லை. விண்ணப்பத்தை ஓரமாக வைத்துவிட்டு, "எழுந்து நடந்து காட்டுங்கள் அம்மா" என்றார். வாசலுக்கு நான் கேட்டிருந்த சாய்தளத்தை அவரே வேண்டாமென்றார். வாசல் 45 சென்டிமீட்டர் உயரம். ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் என்றால் 5.4 மீட்டர் வேண்டும். எங்கள் முற்றமோ மூன்று மீட்டர். செங்குத்தாகப் போட்டால் வாக்கரோடு உருண்டுவிடுவார். அதனால் வாக்கர் முழுதாக நிற்கும்படி அகலமான, தாழ்வான படிகளும் இருபுறமும் கைப்பிடியும் வைத்தார்கள். குளியலறையின் ஒரு சுவர் மெலிந்த தடுப்பு. அதன் பின்னால் பலகை கொடுத்த பிறகுதான் கம்பி. அவசரத்துக்கென்று நான் ரப்பர் உறிஞ்சியால் சுவரில் ஒட்டிவைத்திருந்த கைப்பிடியை அவர் ஒரு விரலால் இழுத்தார், கையோடு வந்துவிட்டது. உடல் எடையை அதில் நம்பி வைக்காதீர்கள்.

இப்போது அம்மா தனியாகக் குளிக்கிறார். தாழ்ப்பாள் போடாதீர்கள் என்றேன், போடுகிறார்.

நன்கொடையாளர்களுக்கு அனுப்ப, அம்மா கம்பியைப் பிடித்து நிற்கும் படம் வேண்டுமென்று அறக்கட்டளையில் கேட்டார்கள். "குளியலறையில் எனக்கென்ன படம்?" என்று துரத்திவிட்டார். ஆளில்லாத கம்பியை எடுக்கலாமென்று போனேன். அதில் ஈரத்துண்டைக் காயப் போட்டிருந்தார். அப்படியே எடுத்து அனுப்பிவிட்டேன்.