பென்குயின்களின் வளையும் ஆச்சியின் பின்கட்டும்

காரைக்குடி வட்டாரத்தில் பழைய நகரத்தார் வீடுகளைப் பழுதுபார்க்கும் பணியில் இருபது ஆண்டுகளாக இருக்கிறேன். சுண்ணாம்புப் பூச்சு குறித்த பயிலரங்கு ஒன்றுக்காகக் கேப்டவுன் சென்றிருந்தபோது, ஓய்வாகக் கிடைத்த ஒரு நாளில் அதற்குத் தெற்கே சைமன்ஸ் டவுனை ஒட்டியுள்ள போல்டர்ஸ் கடற்கரைக்குப் போனேன்.

உருண்டு திரண்ட கருங்கற் பாறைகளுக்கு இடையே வெண்மணலில் ஆப்பிரிக்கப் பென்குயின்கள் கூட்டமாக நின்றிருந்தன. ஏறத்தாழ இரண்டடி உயரம். கழுதையின் கனைப்பை ஒத்த குரல். 1982இல் இரண்டே இணைகள் இங்கு வந்து கூடு கட்டியதிலிருந்து பெருகிய கூட்டம் இது. அவை கூடு கட்டும் பகுதியில் மரப்பலகை நடைபாதையில் நின்றுதான் அவற்றைப் பார்க்க வேண்டும். அங்கே மணலில் இறங்கக் கூடாது. அந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்திருந்தது.

தொழில் பழக்கத்தால் என் கண் பறவைகளைவிட அவற்றின் குடியிருப்புகளையே நாடியது. புதர் நிழலில் செயற்கைக் கூடுகள் பாதி புதைந்து கிடந்தன. மணலும் பாறையும் இருக்கையில் இவை எதற்கு என்று கேட்டபோதுதான் பழைய கதை தெரிந்தது. கடற்பறவைகளின் எச்சம் காலங்காலமாகப் படிந்து இறுகிய தீவுகளில், அந்தப் படிவைக் குடைந்து வளை அமைத்தே இவை முட்டையிட்டு வந்தன. 19ஆம் நூற்றாண்டில் அந்த எச்சம் வயலுக்கு உரமாக வெட்டிக் கப்பலேற்றப்பட்டது. அடிப்பாறை வரை சுரண்டியபின் குடைவதற்கு மண் இல்லை. முட்டைகளும் பல்லாண்டுகள் உணவுக்காக லட்சக்கணக்கில் எடுக்கப்பட்டன. முட்டை வெண்கரு சேர்த்து இழைத்த சுவர்களைத் தடவிப் பார்த்தே பிழைப்பவன் நான்; அந்தச் செய்தி என்னை நெடுநேரம் உறுத்தியது.

வளையில்லாத பறவை வெட்டவெளியில் அடைகாக்கிறது. குளிர்ந்த நீருக்கென அமைந்த அடர்ந்த இறகு, வெயிலில் அதற்கே பகையாகிறது. ஆணும் பெண்ணும் மாறி மாறி ஏறக்குறைய நாற்பது நாள் அடைகாக்க வேண்டிய நிலையில், வெப்பம் தாளாமல் ஒன்று எழுந்து கடலுக்குப் போனால், காத்திருக்கும் கடற்காகம் முட்டையைக் கொத்திச் சென்றுவிடும். இதைத் தடுக்கவே செயற்கைக் கூடுகள் வந்தன. ஆனால் முதலில் வைத்த கண்ணாடியிழைக் கூடுகளில் சில, நண்பகலில் இயற்கை வளையைவிட அதிகமாகச் சூடேறின. நிழல் தருவதற்கென்று வைத்த கூரையே உள்ளே அனலைத் தேக்கியது. பின்னர் இரட்டைச் சுவருடன், இடையில் காற்றிடைவெளி விட்டுப் பீங்கான் வகைக் கலவையில் கூடுகள் வடிவமைக்கப்பட்டன.

கூடு மட்டும் அவற்றைக் காத்துவிடாது. அவற்றின் இரையான மத்தியும் நெத்திலியும் கடலில் குறைந்துவிட்டன. 2024இல் இந்த இனம் மிக அருகிவிட்ட நிலையில் இருப்பதாக அறிவிக்கப்பட்டது, எஞ்சியவை பத்தாயிரம் இணைகளுக்கும் குறைவு. ஆனாலும் எனக்கு அந்தக் கண்ணாடியிழைக் கூட்டின் நினைவே ஊர் வரை கூட வந்தது.

காரணம், கானாடுகாத்தானில் நான் செய்திருந்த ஒரு பிழை. நடு முற்றத்தைச் சுற்றிய வளவுக்குப் பின்னால் ஓடு சரிந்திருந்த பின்கட்டுக்கு, மழைக்கு முன் முடித்தாக வேண்டும் என்ற அவசரத்தில், தகரக் கூரை போட்டுக் கொடுத்திருந்தேன். ஒழுகவில்லை, கணக்கும் குறைவாக வந்தது. “பகல்ல அந்தப் பக்கம் போக முடியலை தம்பி, அடுப்புக்குள்ள உக்காந்த மாதிரி இருக்கு” என்று அந்த வீட்டு ஆச்சி இரண்டு முறை சொல்லியும், கோடைதானே என்று பதில் சொல்லியிருந்தேன். முட்டையை விட்டு எழுந்து போகும் பறவையைப் பற்றிக் கேட்டபின் அந்தப் பதில் எனக்கே பொறுக்கவில்லை.

திரும்பி வந்ததும் வெப்பமானியுடன் போய் ஒரு நண்பகல் முழுவதும் அங்கே உட்கார்ந்தேன். அடுத்த மாதம் என் செலவிலேயே தகரத்தைக் கழற்றி, பனங்கைகளின் மேல் நாட்டு ஓட்டை அடுக்கினோம். வேலை முடிந்த மறுநாள் போனபோது ஆச்சி அங்கேதான் படுத்திருந்தார். பறவைகளின் கதையைச் சொன்னேன்.

“அதுகளுக்கு இப்ப எப்படிக் கட்டிக் குடுத்திருக்காங்க?” என்று கேட்டார்.

“ரெண்டு சுவர் ஆச்சி, நடுவுல காத்துக்கு இடம்” என்றேன்.

அவர் மேலே ஓட்டைப் பார்த்தபடியே தலையசைத்தார்.