தேரில் எதைப் பார்ப்பது?

தேர் என்றதும் எல்லாரும் அண்ணாந்து உச்சியைத்தான் பார்க்கிறோம். கலசம், குடை, தேர்ச்சீலை, காற்றில் ஆடும் துணிக்குழல்களான தொம்பைகள். அழகுதான், யார் இல்லை என்றது? ஆனால் திருவாரூர் ஆழித்தேரையே எடுத்துக்கொள்ளுங்கள், 96 அடி என்று பெருமையாகச் சொல்கிறோமே, அதில் மரத்தேர் சுமார் 30 அடிதான், மீதி முழுக்க மூங்கிலும் துணியும், திருவிழா முடிந்ததும் அவிழ்த்துவிடுவார்கள்.

தத்துவம் பேசுகிறவர்கள் கட உபநிடதத்தில் ஆரம்பிப்பார்கள்: உடம்பு தேர், புத்தி சாரதி, மனம் கடிவாளம், புலன்கள் குதிரைகள். நல்ல உவமைதான், ஆனால் அது தனி ஒருவன் ஏறிப்போகும் தேர். கோயில் தேரில் முன்னால் பாய்கிற குதிரைகள் வெறும் மரப் பொம்மைகள், இழுப்பது ஊர்.

எனக்குப் பிடித்தது, அசுரர்களின் மூன்று கோட்டைகளை அழிக்கச் சிவன் தேரேறிப் போன திரிபுரக் கதை. பூமியே தேர், சூரியனும் சந்திரனும் சக்கரங்கள், நான்கு வேதங்கள் குதிரைகள், பிரம்மா சாரதி. இத்தனை பந்தாவோடு கிளம்பிய சிவன் பிள்ளையாரைக் கும்பிட மறந்தார், அச்சு முறிந்து தேர் நின்றுவிட்டது. அது நடந்த இடம் அச்சிறுபாக்கம் என்கிறது தலபுராணம். ஏறி உட்கார்ந்தவர் யாராக இருந்தால் என்ன, அச்சு போனால் போனதுதான்.

அதனால்தான் நான் சக்கரத்துப் பக்கமே நிற்பேன். அங்கே முட்டுக்கட்டையோடு குனிந்தபடியே ஓடுகிற ஆளைக் கவனித்திருக்கிறீர்களா? அவர் சாமியைப் பார்ப்பதே இல்லை. தேர் திரும்ப வேண்டிய இடத்தில், உருளும் சக்கரத்துக்கு அடியில் கட்டையைச் சரியாகக் கொடுத்து, நசுங்குவதற்குள் கையை இழுத்துக்கொள்ள வேண்டும். திருவாரூர்த் தேருக்கு இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் வந்த பிறகும் முட்டுக்கட்டைக்காரர்கள் இல்லாமல் தேர் திரும்புவதில்லை.

அப்புறம் வடம். ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்று பழமொழி சொல்வது சுலபம். சிவகங்கை மாவட்டம் கண்டதேவியில், வடத்தை யார் தொடலாம் என்ற சாதிச் சண்டையில் தேர் பல வருஷம் ஓடாமலே நின்றது; வழக்கு, நீதிமன்றம் என்று அலைந்து 2024 ஜூனில்தான் பலத்த போலீஸ் காவலோடு மறுபடி ஓடியது. கோயிலுக்குள் வர முடியாதவர்களுக்காகத்தான் சாமி வீதிக்கே வருகிறார் என்று ஒரு பக்கம் உருகி உருகிப் பேசிவிட்டு, கயிற்றைத் தொட மட்டும் சாதி பார்த்தால், அந்தச் சாமியை எதற்காக அவ்வளவு உயரத்தில் ஏற்றி வீதிக்குக் கொண்டுவர வேண்டும்?