பேன் பார்த்ததற்கு ஒரு பரிசு

என் ஆய்வேடு 214 பக்கம். பரிசுக்கான விண்ணப்பம் கேட்டதோ ஒரே ஒரு பக்கம்: துறை சாராதவருக்கும் புரியும்படி உங்கள் ஆய்வைச் சொல்லுங்கள். ஆய்வேட்டை ஏழு மாதத்தில் எழுதி முடித்த எனக்கு அந்த ஒரு பக்கத்துக்கு மூன்று வாரம் ஆயிற்று.

குரங்கின ஆய்வில் சிறந்த முனைவர் பட்ட ஆய்வேட்டுக்கெனத் தனிப் பரிசுகள் உண்டு என்பதே வாய்மொழித் தேர்வு முடிந்த பிறகுதான் எனக்குத் தெரியும். முதலில் கண்ணில் பட்ட பரிசைத் தேதிக் குழப்பத்தில் கோட்டைவிட்டேன். வாய்மொழித் தேர்வு நவம்பரில். பட்டச் சான்றிதழ் கைக்கு வந்தது மறு ஏப்ரலில். சான்றிதழில் உள்ள ஆண்டுதான் கணக்கு என்று நானே முடிவு செய்துகொண்டு அடுத்த சுற்றுக்குக் காத்திருந்தேன். அவர்கள் கணக்கில் வாய்மொழித் தேர்வு நடந்த நாள்தான் பட்டம் பெற்ற நாள். 'உங்கள் சுற்று முடிந்துவிட்டது' என்று இரண்டே வரியில் பதில் வந்தது. விண்ணப்பிக்க நினைப்பவர்கள் எந்தத் தேதியைக் கணக்கில் எடுக்கிறார்கள் என்பதை முன்கூட்டியே கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிவிடுங்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை.

இரண்டாவது பரிசுக்கு இரண்டு ஆண்டு அவகாசம் இருந்தது. ஆய்வேடு, வெளியான கட்டுரைகள், இரண்டு பரிந்துரைக் கடிதங்கள், ஆய்வு அனுமதிகளின் நகல், அப்புறம் அந்த ஒரு பக்கம்.

நான் ஆராய்ந்தது மக்காக் என்ற குரங்கு வகையின் ஒரு கூட்டத்தில் மந்திகள் ஒன்றுக்கொன்று பேன் பார்ப்பதை. ஆங்கிலத்தில் இதற்கு ஒரு கண்ணியமான கலைச்சொல் இருக்கிறது. அதைச் சொன்னால் யாரும் சிரிப்பதில்லை. தமிழில் சொன்னால் சிரிக்கிறார்கள். 'ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்குவது என்பார்களே, அதற்கு முனைவர் பட்டமே கொடுத்துவிட்டார்களா?' என்று கேட்ட நண்பர் உண்டு. அவருக்கு அன்று பதில் சொல்லத் தெரியவில்லை. அந்த ஒரு பக்கத்தை எழுத உட்கார்ந்தபோதுதான் அவர் கேள்வி எவ்வளவு நியாயமானது என்று உறைத்தது. இருநூறு பக்கத்தில் எங்கேயும் நான் அதற்கு நேராகப் பதில் சொல்லியிருக்கவில்லை.

நடுவர் குழுவில் குரங்கைக் காட்டில் பார்த்தவர்கள் மட்டும் இருக்கமாட்டார்கள். குரங்கின ஆய்வு என்ற கூரை பெரிது. கோட்டிங்கனில் 1977-இல் தொடங்கிய ஜெர்மன் பிரைமேட் (குரங்கின) மையத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தொற்றுநோய், நரம்பியல், உயிரியலும் நடத்தையும் எல்லாம் அங்கே ஒரே நிறுவனத்துக்குள். நான் விண்ணப்பித்தது வேறோர் அமைப்பிடம் என்றாலும் நிலைமை அதுவேதான். மூளை நரம்பின் மின்துடிப்பை அளப்பவருக்கு என் கூட்டத்தின் படிநிலையில் என்ன அக்கறை?

முதல் வரைவு 'சமூகப் பிணைப்புகளின் பன்முகத் தன்மை' என்று தொடங்கியது. நெறியாளர் அதை ஒரு கோட்டால் அடித்துவிட்டு ஓரத்தில், 'நீ என்ன பார்த்தாய்?' என்று எழுதி அனுப்பினார். நான்காவது வரைவு இப்படித் தொடங்கியது: 'ஒரு மந்தி நாளில் பெரும்பகுதியை இரை தேடுவதில் கழிக்கிறது. மிஞ்சும் நேரம் கொஞ்சம். அதையும் இன்னொருத்தியின் முதுகில் ஈர் எடுத்துச் செலவழிக்கிறது. ஏன்?' ஜப்பானிய மக்காக்குகள் மயிரிலிருந்து பொறுக்கி வாயில் போடுவதில் பெரும்பாலானவை பேனின் முட்டைகள்தாம் என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள். ஆகவே அது வெறும் சடங்கு அல்ல. உடம்பைச் சுத்தம் செய்யும் வேலையும்கூட. 2003-இல் ஜோன் சில்க், சூசன் ஆல்பர்ட்ஸ், ஜீன் ஆல்ட்மன் மூவரும் கென்யாவின் அம்போசெலியில் வாழும் பபூன் குரங்குகளைப் பற்றி எழுதிய கட்டுரை இன்னொரு படி மேலே போனது: மற்றவற்றோடு நெருக்கமாகப் பழகும் தாய்களின் குட்டிகள் முதல் ஆண்டைத் தாண்டிப் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். பேன் பார்ப்பது உயிர்பிழைக்கும் விஷயம். என் நண்பருக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது இதைத்தான்.

ஒரு பக்கம் ஒருவழியாகப் படிந்து வந்த வேளையில் ஓர் எண் இடறியது. 'கூட்டத்தில் வளர்ந்த மந்திகள் 23' என்று எழுதிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று கள நோட்டுப் புத்தகத்தைத் திறந்து எண்ணினேன். கடைசி மாதப் பட்டியலில் 22. செத்ததாகக் குறிப்பு எதுவும் இல்லை.

இரவு இரண்டு மணிவரை புகைப்படங்களைப் பரப்பிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். களப்பணியின்போது ஒரு மழைக்காலம். ம-14 என்று நாங்கள் குறித்திருந்த மந்தி பதினொரு நாள் கண்ணில் படவில்லை. அதற்குப் பின் வலது காதின் மேல்பாதி பிய்ந்த ஒரு மந்தி வந்து சேர்ந்தது. 'புது வரவு' என்று எழுதி ம-19 எனப் பெயரிட்டிருக்கிறேன். இரண்டு படத்திலும் இடது கண்ணுக்குக் கீழே, மிளகு அளவுக்கு, ஒரே கரும்புள்ளி.

இதில் மிகவும் சுட்டது எது தெரியுமா? மக்காக்குகளில் மந்திகள் பிறந்த கூட்டத்திலேயே வாழ்ந்து முடிப்பவை. வளர்ந்ததும் கூட்டத்தை விட்டுப் போவது கடுவன்கள். வெளியிலிருந்து ஒரு மந்தி வந்து ஒட்டிக்கொண்டது என்றாலே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். என் ஆய்வேட்டின் முதல் இயலில், பக்கம் 9-இல், நானே இதை எழுதியிருக்கிறேன். நானும் கவனிக்கவில்லை, நெறியாளரும் கவனிக்கவில்லை, தேர்வாளர்கள் இருவரும் கவனிக்கவில்லை.

இரண்டு மந்திகளையும் ஒன்றாக்கிக் கணக்குகளை மறுபடி ஓட்ட ஐந்து நாள். நான்கு முடிவுகளில் மூன்று அசையவில்லை. நான்காவது, மலத்தில் அளந்த மன அழுத்த ஹார்மோனுக்கும் பேன் பார்க்கும் நேரத்துக்கும் உள்ள தொடர்பு, தேய்ந்து உறுதியற்றதாகிவிட்டது. எனக்கு மிகவும் பிடித்த முடிவு அது. விடியற்காலையில் மந்திகளின் பின்னால் குப்பியோடு அலைந்து, கிருமிகள் ஹார்மோனைச் சிதைப்பதற்குள் உறையவைக்க ஓடியதெல்லாம் அதற்காகத்தான்.

'இப்போது எதுவும் சொல்லாதே, பரிசு விவகாரம் முடியட்டும்' என்றார் உடன் படித்தவர் ஒருவர். நெறியாளரிடம் தொலைபேசியில் சொன்னேன். சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, 'முதல் பக்கத்திலேயே போட்டுவிடு. பின்னிணைப்பில் ஒளிக்காதே' என்றார். அந்த ஒரு பக்கத்தில் நான்கு வரியை வெட்டி இதற்கு இடம் செய்தேன்.

பரிந்துரைக் கடிதங்களைப் பற்றி ஒரு வார்த்தை. நமக்குக் கிடைக்கும் கடிதங்களில் பாதி நன்னடத்தைச் சான்றிதழ் மாதிரி இருக்கும்: கடின உழைப்பாளி, பண்பானவர், நேரம் தவறாதவர். நடுவர்களுக்கு அது தேவையில்லை. ஐந்து பேர் பெயரில் வந்த கட்டுரையில் இவர் செய்தது எது என்பதுதான் அவர்களுக்குத் தெரிய வேண்டும். நான் தயங்கித் தயங்கி, யார் எதைச் செய்தோம் என்று அரைப் பக்கம் எழுதி நெறியாளருக்கு அனுப்பினேன். ஹார்மோன் அளவீடு வேறொரு ஆய்வகத்தின் வேலை என்பதையும் மறைக்கவில்லை. கடிதம் அதன்பின் உருப்படியாக வந்தது, கடைசி நாளுக்கு முந்தைய இரவு.

நேர்காணல் இணையவழியில் இருபத்தைந்து நிமிடம். காது பிய்ந்த மந்தியைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அதற்காகவே ஒரு வாரம் ஒத்திகை பார்த்திருந்தேன். நரம்பியலாளர் கேட்டது வேறு: 'முதல் மூன்று மாதத் தரவை ஏன் கழித்துவிட்டீர்கள்?' அந்த மூன்று மாதமும் நான் கண்ணில் பட்டதையெல்லாம் எழுதிக்கொண்டிருந்தேன். அப்படி எழுதினால் சண்டையும் சத்தமும் அதிகம் பதிவாகும், மூலையில் சும்மா இருப்பது பதிவாகாது. ஜீன் ஆல்ட்மன் 1974-இலேயே இதை எச்சரித்து, ஒரு விலங்கைத் தேர்ந்து குறித்த நேரம் அதையே பின்தொடரும் முறையை விளக்கியிருக்கிறார். அதைப் படித்திருந்தும் காட்டில் முதல் மூன்று மாதம் சண்டையைத்தான் வேடிக்கை பார்த்தேன் என்று சொன்னேன். திரையில் ஒருவர் சிரித்தார். மற்றவர் குறித்துக்கொண்டார். எது நல்ல சகுனம் என்று தெரியவில்லை.

ஆறு வாரம் கழித்து மின்னஞ்சல் வந்தது. பரிசு இருவருக்குப் பகிர்வு. இன்னொருவர் பார்வைப் புலன் பற்றி ஆராய்ந்தவர். கூடவே ஒரு நிபந்தனை: பல்கலைக்கழக நூலகத்தில் உள்ள ஆய்வேட்டுப் பிரதியோடு திருத்திய அட்டவணைகளைச் சேர்த்துவிட்டுத் தகவல் தெரிவிக்கவும்.

நூலகத்தின் திருத்தப் படிவத்தில் காரணத்துக்கு மூன்று கட்டங்கள்: அச்சுப்பிழை, பதிப்புரிமை, பிற. 'பிற' என்பதில் குறியிட்டு, கீழே இருந்த ஒற்றை வரியில், 'ம-14, ம-19 இரண்டும் ஒரே மந்தி' என்று எழுதி அனுப்பினேன். மறுநாளே பதில் வந்துவிட்டது: 'காரணம் தெளிவாக இல்லை. விளக்கி ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதி அனுப்பவும்.'