கிரெச்சோ: முதல் குடிலைக் கண்ட மலைப்பாறை

ரோமுக்கும் அசிசிக்கும் போகிற நம்மவர்கள் பலர், கிறிஸ்துமஸ் குடில் பிறந்த இடமான கிரெச்சோவைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், எனக்கு அது பெரிய ஆதங்கம். இத்தாலியின் ரியேத்தி நகரத்திலிருந்து 15 கி.மீ. போல, ஓக் மரங்கள் அடர்ந்த மலைச்சரிவில் சுமார் 700 மீட்டர் உயரத்தில் இருக்கிற சின்ன ஊர். குடில் நடந்த இடத்தில் உள்ள திருத்தலம் ஊருக்குள் இல்லை. இரண்டு கிலோமீட்டர் தள்ளி, செங்குத்துப் பாறையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

1223-ம் ஆண்டு. புனித பிரான்சிஸ் அசிசியாரின் துறவற சபை ஒழுங்குக்கு, அதாவது சபையினர் வாழவேண்டிய விதிகளுக்கு, திருத்தந்தை மூன்றாம் ஹோனோரியுஸ் நவம்பர் 29 அன்று ஒப்புதல் தந்திருந்தார். அடுத்த மாதமே கிறிஸ்துமஸ். அதற்கு ஏறக்குறைய பதினைந்து நாள் முன்பு பிரான்சிஸ், ஜொவான்னி என்கிற உள்ளூர்ப் பிரபுவைக் கூப்பிட்டு, பெத்லகேமில் குழந்தை இயேசு பட்ட வறுமையை என் கண்ணாலேயே பார்க்க வேண்டும், மாடும் கழுதையும் வைக்கோலும் ஏற்பாடு செய் என்றார். ஊரே தீப்பந்தங்களோடு காட்டுக்குள் ஏறி வந்தது.

நாம் குடில் வைத்தால் நள்ளிரவில் குழந்தை இயேசு சொரூபத்தைக் கிடத்துவோம் இல்லையா, அன்றைக்கு அங்கே சொரூபம் கிடையாது, மரியாவாகவோ சூசையாகவோ யாரும் வேடம் கட்டவும் இல்லை. மாடும் கழுதையும், வைக்கோல் நிரப்பிய தீவனத் தொட்டி, அதன்மேல் திருப்பலி, அவ்வளவுதான். குழந்தை நற்கருணையில், திருப்பலி அப்பத்தில், வந்தால் போதும் என்பதுதான் பிரான்சிஸின் விசுவாசம். அவர் திருப்பலி நிறைவேற்றும் குருவானவர் அல்ல, அதற்கு அடுத்த நிலையிலுள்ள திருத்தொண்டர்; அதனால் நற்செய்தியைப் பாடி மறையுரை ஆற்றினார். இயேசு என்று சொல்லும்போதெல்லாம் உதட்டை நாவால் தடவிக்கொள்வாராம், அந்தப் பெயரின் இனிப்பு வீணாகாமல்! சில ஆண்டுகளிலேயே அவரது வரலாற்றை எழுதிய செலானோ தோமா இதைச் சொல்கிறார். உயிரற்றதுபோல் தொட்டியில் கிடந்த குழந்தையைப் பிரான்சிஸ் தொட்டு எழுப்புவதாக ஒருவர் காட்சி கண்டதையும், அந்த வைக்கோலை ஊரார் எடுத்துவைத்து நோயுற்ற கால்நடைகளுக்கும் பிரசவ வேதனையில் தவித்த பெண்களுக்கும் கொடுத்து நலம் கண்டதையும் அவரே எழுதியிருக்கிறார்.

அந்தப் பாறைமேல்தான் இப்போது சிறிய சிற்றாலயம். பீடத்துக்கு மேலே பழைய சுவரோவியம்: ஒரு பக்கம் மாதா குழந்தைக்குப் பால் கொடுக்கிறாள், மறுபக்கம் துணியில் சுற்றிய குழந்தைக்கு முன் பிரான்சிஸ் முழங்காலில் இருக்கிறார். பெத்லகேமும் கிரெச்சோவும் ஒரே சுவரில். அதைப் பார்த்துக்கொண்டே நின்றதில் ஜெபம் சொல்ல எடுத்த ஜெபமாலை கையிலேயே இருந்துவிட்டது, என்ன வேண்டிக்கொள்வது என்றே தோன்றவில்லை. அப்புறம் மாடியில் துறவிகள் படுத்த மர அறைகளைப் பார்த்தேன். பலகைத் தடுப்புகள், ஒரு ஆள் திரும்பிப் படுக்கவே இடம் பத்தாது.

2019 டிசம்பர் 1 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் இங்கே வந்துதான் குடில் பற்றிய தன் மடலில் கையெழுத்திட்டார். புதிய ஆலயத்தில் பல நாட்டுக் குடில்கள் உண்டு, பார்க்கலாம். ஆனால் முதலில் அந்தப் பாறைக்குப் போங்கள். நேரம் இருந்தால், பிரான்சிஸின் சபை ஒழுங்கு எழுதப்பட்ட ஃபோன்தே கொலம்போ திருத்தலமும் அதே ரியேத்தி பள்ளத்தாக்கில்தான் இருக்கிறது, இரண்டையும் ஒரே நாளில் தரிசிக்கலாம்.