ஒரே இழையில் ஈதர்நெட்டும் எஃப்எம்மும்

இலக்கு சின்னதுதான். மாடி ஆன்டெனா பிடிக்கும் எஃப்எம் அலையை அப்படியே ஒளியாக்கி, கீழ் அறைக்கு ஈதர்நெட் ஓடுகிற அதே ஒற்றைக் கண்ணாடி இழையில் இறக்க வேண்டும். நடுவில் வேண்டுமென்றே 2 கிலோமீட்டர் சுருள் ஒன்றைச் செருகியிருக்கிறேன்.

ஈதர்நெட்டுக்கு இருதிசை எஸ்எஃப்பி (மின்சமிக்ஞையை ஒளியாகவும் ஒளியை மின்சமிக்ஞையாகவும் மாற்றும் செருகு கருவி) ஜோடி: ஒரு திசைக்கு 1310 நானோமீட்டர், மறு திசைக்கு 1490. ரேடியோவுக்கு 1550-இல் ஒரு அனலாக் லேசர், அதாவது ரேடியோ அலைக்கேற்ப ஒளி ஏறி இறங்கும் லேசர். சேர்க்கவும் பிரிக்கவும் இரு முனையிலும் அலைநீள வடிகட்டி. வீடுகளுக்கு வரும் ஜிபான் ஃபைபர் இணைப்புகளில் இருக்கும் அதே பங்கீடுதான், நான் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை.

ஈதர்நெட் உடனே எழுந்தது. நொடிக்கு 940 மெகாபிட். சரி, வேலை முடிந்தது என்று எஸ்டிஆரை (கணினியில் ஓடும் ரேடியோ ரிசீவர்) திறந்தால் ஒரே இரைச்சல். பலமான நிலையங்கள் மட்டும் தலைகாட்டின.

லேசரைச் சந்தேகித்து பயாஸ் மின்னோட்டத்தை (லேசருக்கு எப்போதும் ஊட்டும் அடிப்படை மின்னோட்டம்) நோண்டியதில் ஒரு மாலை வீண். கடைசியில் பார்த்தால், வடிகட்டியின் கனெக்டர் நீலம், சுருளின் கனெக்டர் பச்சை. பச்சையின் முகம் 8 டிகிரி சாய்வு, நீலத்துக்குச் சாய்வே கிடையாது. அடாப்டருக்குள் இரண்டும் சிக்கென்று உட்காரும், ஆனால் முகங்கள் ஒட்டாமல் நடுவே காற்று நிற்கும். கண்ணாடியிலிருந்து காற்றுக்குத் தாண்டும் இடத்தில் சுமார் 4 சதவீத ஒளி வந்த வழியே திரும்பி, லேசருக்குள் புகுந்து அதைக் கலக்கிவிடுகிறது. பவர் மீட்டரில் அந்த ஒரு மூட்டிலேயே 4 டெசிபெல் இழப்பு. ஒளியில் 4 என்றால் ரேடியோவில் 8: ஒளியை மின்சாரமாக்கும் போட்டோடயோடின் மின்னோட்டம் ஒளித்திறனுக்கு நேர்விகிதம், மின்திறனோ அந்த மின்னோட்டத்தின் வர்க்கம். ஈதர்நெட்டுக்கு ஒன்றா பூஜ்யமா என்று தெரிந்தால் போதும். அது முனகக்கூட இல்லை.

ஒரு முனை நீலம், மறுமுனை பச்சை உள்ள பேட்ச் கார்டை நடுவில் போட்டதும் இரைச்சல் மளமளவென்று இறங்கியது.

அப்புறம் பேய் நிலையங்கள். 97 மெகாஹெர்ட்ஸிலும் 100-இலும் பலமான நிலையங்கள் இருக்க, 94-இலும் 103-இலும் இரண்டும் பின்னிப் பிணைந்த கரகரப்பு. இரண்டு மடங்கு 97-இல் 100 போனால் 94. லேசருக்கு அளவுக்கு மீறி ஊட்டியிருக்கிறேன் என்று அர்த்தம். லேசருக்கு முன் அலையின் பலத்தைக் குறைக்கும் 10 டெசிபெல் அட்டெனுவேட்டர் வைத்தேன். நிலையம் 10 இறங்கினால் பேய் 30 இறங்கும், போய்விட்டது. கூடவே மெலிந்த நிலையங்கள் இரண்டும் போயின; பரவாயில்லை.

அடுத்தது வைஃபை. அதற்கு எதிர்த்திசையிலும் ஒரு அனலாக் லேசர் வேண்டும். சுருளில் போய்வரவே 20 மைக்ரோவினாடி கூடுதலாகும் என்பதால், ரவுட்டர் பதிலுக்குக் காத்திருக்கும் நேரத்தையும் நீட்ட வேண்டியிருக்கும்.